அபூசாலி முதலாளியின் மூக்கு

கற்பிட்டியில் கருவாட்டை மோந்து தரம் சொல்ல அபூசாலி முதலாளியை விட்டால் ஆளில்லையாம். சொன்னவரும் அவரேதான். பத்து வருசமாகப் பீனிசத்தில் அடைத்துக் கிடந்த மூக்கு அது! மஞ்சளைச் சுட்டு மோந்தும், நெற்றியில் பற்றுப் போட்டும் திறக்கவில்லை.

“கன்ன எலும்புக்குள்ள சளி கட்டி வீங்கியிருக்கு. கொதிச்சாறின தண்ணியில உப்புப் போட்டு, தினம் மூக்கைக் கழுவுங்க” என்றார் கவர்மேந்து ஆசுபத்திரி அப்போதிக்கரி.

மூன்று கிழமை விடாமல் கழுவியபின் ஒருநாள் மூக்கு திறந்தது. அன்று தன் கருவாட்டுக் கிட்டங்கிக்குள் போன முதலாளி, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

“ஆருடா இந்த அழுகலை வாங்கிப் போட்டது?”

“நீங்கதான் மொதலாளி, மோந்து பாத்து வாங்கினீங்க” என்றான் கணக்கப்பிள்ளை றவூப்.

அந்தக் கருவாடு வழக்கம்போலக் கொழும்புக்குப் போனது. உப்புத் தண்ணியைத்தான் முதலாளி நிறுத்திவிட்டார்.