விக்டோரியன்

சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவுக்கு, எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடுகிறவள்தான் சூப்பர்வைசர். அன்று தையலைப் பார்க்கிற சாக்கில் மேனேஜர் புதுப்பெண்ணின் முதுகில் கை வைத்தான். அவள் கூனிக் குறுகிப்போனாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு மேனேஜர் சிரித்தான். "நீங்க ரொம்ப விக்டோரியன்மா. காலம் மாறிப்போச்சு."

சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. இஸ்திரி போடுகிறவன்கூட, "என்ன விக்டோரியன் அக்கா, கிளம்பியாச்சா?" என்றான். பொருள் தெரியாமல் திட்டு வாங்கியதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசிவிட்டு மகன் பெண்டாட்டியிடம் கேட்டாள். "ஏம்மா, விக்டோரியன்னா என்ன?"

மருமகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். "விக்டோரியான்னு இங்கிலாந்து ராணி, அத்தை. அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டாங்க. அவங்க காலத்துக்கே அந்தப் பேர் வந்துடுச்சு. அப்போ வெளியில ஒழுக்கம், கட்டுப்பாடுன்னு ஒரேயடியா பேசுவாங்களாம். அதனால எதுக்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவங்களை இப்பவும் அப்படிச் சொல்றாங்க."

"அப்போ வேலைக்குப் போன பொம்பளைங்க நிலைமை?"

"மில்லுல சின்னப் பிள்ளைங்கள்லாம்கூட வேலை செஞ்சிருக்காங்க. மேஸ்திரி வச்சதுதான் சட்டம்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. "அப்போ விக்டோரியன் நானா, அவனா?"

மறுநாள் மேனேஜர் தையல் லைனுக்குள் வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தாள். மிஷின்கள் எல்லாம் ஓய்ந்தன. "ராணி காலத்து மேஸ்திரி மாதிரி நடந்துக்கிறது நீங்க. பட்டம் எனக்கா? இனிமே யார் மேலயாவது கை பட்டுச்சு, இந்த லைன் ஓடாது!"

அவன் எகிறினான். "சுவிட்சைப் போடுங்க! யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" ஒருத்தரும் நகரவில்லை. புதுப்பெண் எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். வேறு வழியில்லாமல் முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். மூன்று வருஷமாக விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

வார முடிவில் மேனேஜரை இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

"அங்கே மட்டும் என்ன ஆம்பளைங்களா தைக்கிறாங்க?" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் போனைப் பார்த்தபடி நழுவினார்.

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அந்தக் கிளையின் சூப்பர்வைசர் நம்பரைத் தேடிப் பிடித்தாள். "உங்க பக்கம் ஒருத்தன் வர்றான். அவன் யாருன்னு சொல்றேன், ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்," என்றாள்.