கடைசி ஜாயிண்டுக்குப் போர்வை போர்த்தியவன்

நெய்யூர் டெனிஷைப் பற்றி எது சொன்னாலும் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை சுத்தம், வேலைக்கு மடி கிடையாது. அடுத்தவனை நாலு பேர் புகழ்ந்தால் மட்டும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பிக்கும் போட்டி நடந்தது. இரண்டாம் பரிசாகக் கிடைத்த சோப்பு டப்பாவை வீடு வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை, வழியில் குளத்தில் எறிந்துவிட்டுப் போனான். ஆள் வளர்ந்த பிறகும் அந்தக் குணம் கூடவே வளர்ந்தது.

ஆஸ்பத்திரி ரோட்டில் ஞானையன் ஒர்க்ஷாப்பில் வெல்டிங் படித்தான். கை நல்ல கை. சர்ச் கேட்டில் திராட்சைக் கொடி வளைத்து ஒட்டியிருப்பானே, இன்னும் ஒரு இலை கழன்று விழவில்லை. அதே ஒர்க்ஷாப்பில் அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் ஸ்டெனி. பிறகு ஸ்டெனியின் அக்காள் பிளஸ்ஸியைத்தான் டெனிஷ் கட்டினான். மச்சினனைக் கல்ஃபுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். தண்ணீர்க் குழாய் போடும் கம்பெனியில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தார்கள். அங்கே டெனிஷ் மூத்தவன், ஸ்டெனி எடுபிடி. அதனால் எல்லாம் சுகமாகப் போயிற்று.

வினை ரஷ்யாவில் தொடங்கியது. வடக்கே பனிக்காட்டில் கச்சா எண்ணெய்க்குக் குழாய் போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னான். இரண்டு பேரும் போனார்கள். போய் இறங்கிய அன்றைக்கே, பிளஸ்ஸி கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது. கண்ணிமையில் பனி ஒட்டிக்கொண்டது. அங்கே மண் அடியாழம் வரைக்கும் உறைந்து கிடக்கும். எண்ணெய் உறையாமல் ஓட வேண்டும் என்பதால் சூடாக்கி அனுப்புவார்கள். சூடான குழாயை மண்ணில் புதைத்தால் பனி இளகும், மண் சேறாகும், குழாய் அமிழ்ந்து முறியும். அதனால் இரும்புக் கால் நட்டு, ஆள் உயரத்தில் குழாயைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் அது நெளிந்து நெளிந்து போனது. நேராகப் போட்டால் குளிரில் சுருங்கும்போது வெடித்துவிடுமாம்.

ஒரு குழாயையும் அடுத்த குழாயையும் ஒட்டும் இடத்துக்கு ஜாயிண்ட் என்று பெயர். அதைச் சுற்றி ஒரு கூடாரத்தை இறக்குவார்கள். இரும்பைச் சூடாக்கிய பிறகுதான் வெல்டு வைக்கலாம். வைத்த பிறகு கனத்த போர்வையைச் சுற்றி, மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். திடீரென்று குளிர் பட்டால் வெல்டு விரிசல் விட்டுக் கீறிவிடும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒரு பக்கம் டெனிஷ், மறுபக்கம் ஸ்டெனி. ஆறியதும் எக்ஸ்ரே எடுப்பார்கள், கல்ஃபில் அது கிடையாது.

எக்ஸ்ரேயில்தான் டெனிஷின் மானம் போனது. ஒரே வளையம்தான். ஸ்டெனி வைத்த பாதி பளிங்கு மாதிரி இருக்கும். டெனிஷ் வைத்த பாதியில் ஊசி குத்தினது போல ஓட்டைகள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அவன் மறுபடி வைத்து முடிக்கும் வரைக்கும் ஸ்டெனி குளிரில் கால் மாற்றி நிற்பான்.

"அத்தான், ஒறக்கம் செரியா இல்லியோ?" என்பான். அன்பாகத்தான் கேட்பான்.

"உனக்க சோலியப் பாருலே," என்பான் டெனிஷ்.

ஊரிலிருந்து பிளஸ்ஸி போன் பண்ணினாலும் இதே கதைதான்.

"ஸ்டெனிக்க வேலை ஒண்ணுகூட தள்ளல்லியாமே? அம்ம சொன்னா. சர்ச்சுல எல்லாரும் கேக்காவ."

"எனக்க கதைய ஒருத்தரும் கேக்கல்லியா?"

"உங்க கதை எனக்குத் தெரியும்லா. உணக்கக் கிழங்கு தீந்துட்டா? இன்னும் கொடுத்து விடட்டா?"

மரச்சீனிக் கிழங்கை அவித்து வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடுவாள். கூடவே கருவாடும் போகும். ரொட்டியும் சூப்பும் வயிற்றுக்கு ஆகாது என்று டெனிஷ் தானே பொங்கிக்கொள்வான். ஸ்டெனி கேண்டீனிலேயே தின்றுவிடுவான். அதையும் டெனிஷ் ஒரு குற்றமாகத்தான் வைத்திருந்தான். வெள்ளைக்காரனுக்கு நடுவில் உட்கார்ந்து சூப்புக் குடித்துக் குடித்துத்தான் இவன் ஃபோர்மேன் ஒலெக்கை மடக்கிப் போட்டான், நல்ல ராடு ஓவனையும் வாங்கிக்கொண்டான், எனக்குப் பழையதைத் தள்ளிவிட்டார்கள் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. ராடு ஓவன் என்பது வெல்டிங் ராடுகளை ஈரம் பிடிக்காமல் சூட்டில் வைக்கிற தகரப் பெட்டி. ஆளுக்கு ஒன்று கொடுத்து, மேலே பெயர் ஒட்டியிருந்தார்கள்.

குழாய் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்திக்கிற காலம் வந்தது. இரண்டு பாதியையும் தனித்தனியே அழுத்தம் கொடுத்துச் சோதித்தாயிற்று. இரண்டையும் சேர்க்கிற கடைசி ஜாயிண்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதை வைக்கிறவன் கையை நம்பித்தான் எண்ணெயைத் திறந்துவிட வேண்டும். ஒரே ஆள்தான் அதைச் சுற்றி முடிக்க வேண்டும் என்பது ஒலெக்கின் பிடிவாதம். ஒரு சோதனை ஜாயிண்ட் வையுங்கள், யாருடையது சுத்தமோ அவனுக்கே கடைசி ஜாயிண்ட் என்று சொல்லிவிட்டான்.

டெனிஷுக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த ஜாயிண்ட் போதும். ஸ்டெனி அதை வைத்துவிட்டு ஊருக்கு வந்தால், சாகும் வரைக்கும் பிளஸ்ஸி வீட்டார் முன்னால் தான் எடுபிடி ஆகிவிடுவோம் என்று அவன் நெஞ்சு எரிந்தது.

சோதனை நாள் காலையில் ஸ்டெனி உடுப்பு மாற்றப் போனான். அந்த நேரத்தில் டெனிஷ் இரண்டு ஓவனிலும் ஒட்டியிருந்த பெயர்களைக் கிழித்து, மாற்றி ஒட்டினான். ஸ்டெனியின் ஓவன் இவனுக்கு, இவனுடையது ஸ்டெனிக்கு. காரியம் ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கு உபவாசமும் இருந்தான். கர்த்தருக்கு முன்னால் இரண்டையும் எப்படிப் பொருத்தினான் என்று கேட்கக்கூடாது. எரிச்சல் பிடித்தவன் எதையும் பொருத்துவான்.

எக்ஸ்ரே வந்தது. டெனிஷின் பாதி பளிங்கு. ஸ்டெனியின் பாதி முழுக்க ஓட்டை. ஒலெக் டெனிஷின் முதுகில் ஓங்கி ஒன்று தட்டினான். ஸ்டெனி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

'ஓவன்தான்! நான் அப்பவே நினைச்சேன்' என்று டெனிஷ் உள்ளுக்குள் துள்ளினான். உபவாசத்தை முடிக்கக் கிழங்கும் கருவாட்டுக் கறியும் டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனான். கல்ஃபில் பழகிய பழக்கப்படி, மூலையில் திரும்பி உட்கார்ந்து, டிபனைச் சூடாக்க ராடு ஓவனுக்குள் வைத்து மூடினான். இங்கே வந்த நாளிலிருந்து தினமும் அப்படித்தான். உபவாசம் இருந்ததால் அன்றைக்குச் சோதனை முடியும் வரைக்கும் மட்டும் வைக்கவில்லை.

ஸ்டெனி வந்து முன்னால் நின்றான்.

"அத்தான், எனக்க ஓவன்ல எதுக்கு கருவாடு மணக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உனக்கு சளி பிடிச்சிருக்கும்."

"சளி பிடிச்சா மணமே தெரியாது அத்தான்." குனிந்து டெனிஷின் பக்கத்திலிருந்த ஓவன் மூடியைத் தூக்கினான். உள்ளே டிபன் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். "இதாக்கும் எனக்க ஓவன். இந்தா, நான் ஆணியால கீறின சிலுவை."

டெனிஷ் மூடியைப் பிடுங்கி மறுபடி மூடப் பார்த்தான்.

"மாத்தினது கிடக்கட்டும். இதுக்குள்ளயா டிபன் வச்சிய? தெனமுமா?"

"பின்ன? கல்லு போல ஒறஞ்ச கிழங்க எனக்க பல்லுல வச்சி ஒடைக்கச் சொல்லுதியா?"

"ஆவி பூரா ராடுல ஏறும்லா! ராடு நனஞ்சா வெல்டுல ஓட்டை வராம, பூவா வரும்?"

சொல்லிவிட்டு ஸ்டெனி ராடு கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தான். கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் டெனிஷ் தாங்கியிருப்பான். இவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், ஒலெக்குக்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன். நாளைக்கு நீங்கதான் வைக்கணும். எனக்கிட்ட பொட்டிக்காத, சீல் வச்ச ராடு பாக்கெட்டு கிடக்கு. எடுத்துக்கிடுங்க, நல்லா வரும்."

அவன் போய்விட்டான். டெனிஷால் ஒரு வாய் கிழங்கு தின்ன முடியவில்லை. ஸ்டெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான், அது டெனிஷுக்குத் தெரியும். இனி வரும் ஒவ்வொரு கிறிஸ்மஸிலும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் டெனிஷ் கடைசி ஜாயிண்ட் கதையைச் சொல்லுவான், ஸ்டெனி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடாமல் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பான். ராடும் அவனுடையது, ஓவனும் அவனுடையது, பெரிய மனசும் அவனுடையது. இவன் பிச்சை போட்டு நான் வைப்பதா?

டெனிஷ் சூடு ஆறாத டிபனைத் தூக்கிக்கொண்டு நேராக ஒலெக்கிடம் போனான். பாதி இங்கிலீஷ், பாதி கை ஜாடை. பெயர் மாற்றி ஒட்டியதைச் சொன்னான். டிபனை ஓவனுக்குள் வைத்து எடுப்பது போல நடித்தும் காட்டினான். ஒலெக் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். இவ்வளவு நாளும் அது இந்தியாக்காரர்களின் உடுப்பு நாற்றம் என்று நினைத்திருந்தானாம். பிறகு அவன் கத்திய கத்தலில் கூடாரம் ஆடியது. மொழி தெரியாததால் பாதி வசை வீணாய்ப் போனது.

ராடு பிடிக்கிற வேலை டெனிஷிடமிருந்து போயிற்று. கடைசி ஜாயிண்ட் ஸ்டெனிக்கு. இரும்பைச் சூடாக்குவதும் போர்வை போர்த்துவதும் டெனிஷுக்கு.

ஸ்டெனி ராடை வைத்துச் சுற்றிக்கொண்டு வரும்போது, முகமூடிக் கண்ணாடி வழியாக டெனிஷ் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தான். ஒரு ஓட்டையாவது விழாதா என்று மனம் தவித்தது. விழவில்லை. ராடு பிடிப்பதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் கூடுதலாக எரிந்தது. வெல்டு முடிந்ததும் போர்வையைச் சுற்றினான். அந்நேரம் பார்த்துக் காற்று கூடாரத்துத் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. போர்வையின் ஒரு முனை பறந்தது. டெனிஷ் பாய்ந்து, குழாய்மேல் நெஞ்சை வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இப்போது விட்டால் வெல்டு கீறும், ஸ்டெனி தோற்பான். இந்த நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை, வந்தது. ஆனால் கை விடவில்லை. இரும்பு ஆறும் வரைக்கும் அப்படியே கிடந்தான். முதுகில் பனி ஒரு பலகை போல இறுகிவிட்டது.

எக்ஸ்ரே சுத்தம். எண்ணெயைத் திறந்துவிட்டார்கள். குழாயில் படிகிற மெழுகைச் சுரண்ட உள்ளே ஒரு கருவியை அனுப்புவார்கள், எண்ணெய்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அது கடைசி ஜாயிண்டைக் கடந்து கடகடவென்று போன சத்தத்தை இரண்டு பேரும் கீழே நின்று கேட்டார்கள்.

"போயிட்டு," என்றான் ஸ்டெனி.

"காது கேக்கு," என்றான் டெனிஷ்.

ஊருக்கு வந்தபோது சர்ச்சில் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. டெனிஷ் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தான். பந்தி நடுவில் ஸ்டெனியைச் சுற்றி ஒரே பேச்சு. கடைசி ஜாயிண்ட் கதைதான். டெனிஷ் மனதுக்குள் ஒரு சொல்லைப் பல நாளாகத் தீட்டி வைத்திருந்தான். வெல்டு எவனும் வைப்பான், போர்வை போர்த்தியது நானாக்கும், அது இல்லாவிட்டால் பொடிப் பொடியாகக் கீறிப் போயிருக்கும் என்று கணீரென்று சொல்ல வேண்டும். வாளியைக் கீழே வைத்தான், தொண்டையைச் செருமினான்.

அதற்குள் ஸ்டெனி எழுந்து நின்று, "நான் என்னத்த செஞ்சேன்? காத்து அடிக்கையில போர்வைய கட்டிப் பிடிச்சிட்டுக் கிடந்தது அத்தானாக்கும். அவரு இல்லேன்னா எனக்க வெல்டு அன்னைக்கே கீறிருக்கும்," என்றான்.

பந்தி முழுக்க டெனிஷைத் திரும்பிப் பார்த்தது. பிளஸ்ஸியின் கண் நிறைந்துவிட்டது.

டெனிஷ் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொல்ல வைத்திருந்த அந்த ஒன்றையும் ஸ்டெனியே சொல்லிவிட்டான்.