நாற்பது மீற்றர் ஆழத்தில் வாடிக்கையாளர்கள்

சுழியோடிகளுக்கு வழிகாட்டுவதென்றால் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். கடைக் கவுண்டரில் நின்று பல்லைக் கடிப்பவர்களே, நானும் உங்கள் ஆள்தான். சனிக்கிழமைகளில் பிளேஸ்டோவிலிருந்து வெளிக்கிட்டு, லண்டன் ஆட்களைத் தென்கரைக்குக் கூட்டிப்போய், ஆங்கிலக் கால்வாயின் அடியில் கிடக்கும் பழைய சரக்குக் கப்பல் ஒன்றைக் காட்டுகிறேன்.

மாலைதீவு அனுபவசாலி

ஸ்ட்ரெதமில் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் மாலைதீவில் பலமுறை சுழியோடியவர். தண்ணீர் ஒன்பது பாகை, நீர் புகாத உடுப்புக்குள்ளே தடித்த கம்பளியும் போடுங்கோ என்று மூன்று தரம் சொன்னேன். தனக்குக் குளிராது என்று உள்ளே வெறும் ரீசேட்டோடு இறங்கினார்.

ஐந்தாவது நிமிடமே மேலே போவோம் என்று கைகாட்டினார். படகில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு, மூன்றாவது தேத்தண்ணியோடுதான் பேச்சு வந்தது. "இடம் நல்லம் தங்கச்சி, ஏசியைத்தான் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கினம்."

உடைந்த கப்பல்

வெம்பிளியிலிருந்து வந்தவள், ஐ.டி. வேலை, சென்னைப் பெண். அன்று தண்ணீர் அதிசயமாகத் தெளிந்திருந்தது. கப்பலின் இரும்பு விலாக்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூப்போல விரிந்த கடற்சாமந்தி உயிர்கள். கொதிகலனுக்குள் டோர்ச் அடித்தேன்; என் தொடைப் பருமனில் ஒரு விலாங்கு தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. இத்தனை வருடத்தில் அப்படி வேறொரு நாள் எனக்கு வாய்க்கவில்லை. மேலே வந்ததும் எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். "கப்பல் உடைஞ்சு கிடக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மூச்சு நிபுணர்

மயக்க மருந்து டாக்டர் ஒருவர், மதுரைக்காரர். படகில் போகும் வழியெல்லாம் எப்படி மூச்சுவிட வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். நாற்பது மீற்றரில், சிலிண்டர் காற்றைத் தரும் அவருடைய வாய்க்குழாய் குளிரில் உறைந்து, திறந்தபடியே நின்றுவிட்டது. காற்றெல்லாம் குமிழியாகக் கொட்டியது. அவர் பாய்ந்து என் வாயிலிருந்ததைப் பிடுங்கிக் கவ்வினார். என் கழுத்தில் தொங்கிய உதிரிக் குழாயை நான் கவ்வினேன். இனி இருவருக்கும் என் முதுகிலிருந்த சிலிண்டர்தான்.

நேரே மேலே பாயப் பார்த்தார். பாய்ந்தால் இரத்தத்தில் குமிழி கட்டும். அவருடைய வாரைப் பிடித்து, கண்ணுக்குக் கண் பார்த்தபடி மெல்ல ஏற்றினேன். ஆறு மீற்றரில் நிற்க வேண்டிய நிமிடங்கள் அத்தனையும் நின்றோம். காற்று மானியின் முள் சிவப்புக்குள் இறங்கியது. என் மகளின் முகம் வந்து வந்து போனது.

படகின் ஏணியைப் பிடித்து, அவரை முதலில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கனிவோடு சொன்னார். "நீங்க கொஞ்சம் வேகமா மூச்சு விடுறீங்க, கவனிச்சுக்கங்க."

தண்ணீருக்கடியில் ஒருவராலும் வாய் திறந்து பேச ஏலாது என்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற ஒரே பெனிபிட்.