கடைசி வரிக்காரர்

“நீ சரி, கிளம்பு. நீயும் சரி. ஏய், உனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு கமா?”

கண் ஆஸ்பத்திரியின் கணினி அறையில் திரையோடு இப்படி மல்லுக்கட்டுகிறவளுக்கு நர்சுகள் வைத்த பெயர் வரியக்கா. அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாகத்தான் இறங்குவாள். மொத்தமாக உருட்டிப் பார்ப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சாப்பிட எழுந்தால், நிற்கும் வரியின் எண்ணைப் புறங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வாள். “இன்னிக்கு நானூத்திப் பன்னண்டுல சாப்பிட்டியாக்கும்?” என்று மாலையில் கணவர் கேலி செய்வாராம்.

மறுநாள் அறுவை சிகிச்சைக்கு வரவேண்டியவர்களின் பட்டியலை வரி வரியாகப் படித்து, அவரவர் போனுக்குச் செய்தி அனுப்பும் கணினி நிரல் அவள் எழுதியது. அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் ஒரு தையல்காரர் புகாரோடு வந்து நின்றபோது சுருக்கென்றது.

“மூணு வாரமா மெசேஜே வரலம்மா. ஊசியில நூல் கோக்க முடியல. கடைய மூடிட்டு உக்காந்திருக்கேன்.”

‘உங்க போன்ல கோளாறா இருக்கும்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நாளைய பட்டியலைத் திறந்தாள். இருந்தார், கடைசி வரியில். போன வாரமும் கடைசி. அதற்கு முந்தைய வாரமும் கடைசி. வராதவர்களை அடுத்த வாரம் அதே கிழமைப் பட்டியலின் அடியில் சேர்ப்பது ஆஸ்பத்திரி வழக்கம்.

நாற்காலி பின்னால் சாய, துள்ளி எழுந்தாள். “ஐயோ, உங்க போன் இல்லண்ணே, நான்தான்! என் புரோகிராம்தான்!”

என்டர் தட்டிய அடையாளம் இருந்தால்தான் வரி முடிந்ததாக நிரல் ஏற்கும். பட்டியலைத் தட்டச்சு செய்பவரோ கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டுவதில்லை. அதனால் கடைசியில் இருப்பவரை நிரல் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நிரலில் இரண்டே வரி திருத்தினாள். மற்றவர்களுக்கு இரண்டாம் முறை போனாலும் போகட்டும் என்று ஓடவிட்டாள். தையல்காரரின் சட்டைப்பை கிணுகிணுத்தது.

“வந்துடுச்சும்மா!”

“வந்துடுச்சுண்ணே! காலைல எட்டு மணிக்கு!”

கைதட்டிய சத்தத்தில் நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. நிரல் ஓடத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரியில் இருந்த போன் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். பிறகு தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்து, முதல் எண்ணை அழுத்தினாள்.