தேவாலய வாசலில் கழற்றிய சப்பாத்து

என் அகதி விசாரணை பன்னிரண்டரைக்கு. நான் வாடகைக்கு இருந்த ஸ்காபரோ வீட்டு அன்ரி, "பிந்தினால் கேஸ் முடிஞ்சுது பிள்ளை, வெள்ளனப் போ" என்று பயமுறுத்தியதில், பதினொரு மணிக்கு முன்பே ரொறன்ரோ நகர மையத்தில் நின்றேன். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு முதல் குளிர்காலம். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தேவாலயம் திறந்திருந்தது. குளிருக்கு ஒதுங்கத்தான் போனேன். ஆனாலும் சாமி இருக்கும் இடமல்லவா? பழக்கதோஷத்தில் வாசலிலேயே பனிச்சப்பாத்தைக் கழற்றி, சுவரோரம் இருந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சற்று நேரம் கழித்து வந்தால் சப்பாத்தும் இல்லை, பெட்டியும் இல்லை. உள்ளே மெழுகுதிரி அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார மூதாட்டியிடம் என் காலைக் காட்டினேன். அது ஏழைகளுக்குப் பழைய உடுப்புச் சேர்க்கும் பெட்டியாம். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு மணிக்கு வான் திரும்பிவிடும், இருங்கள் என்றார்.

அவர் பேசியது ஓரளவு விளங்கியது. நிலைமையைச் சொல்ல இங்கிலிஷ் வரவில்லை, தலைதான் ஆடியது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு மனுஷி வரலாற்றைத் தொடங்கிவிட்டார். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். மஞ்சள் செங்கல் உள்ளூர்க் களிமண்ணில் சுட்டது, வண்ணக் கண்ணாடி மட்டும் கப்பலில் வந்தது. கூரையைத் தாங்கும் மரவளைவுகளை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தூண் தூணாக இழுத்துக்கொண்டு போனார். வெறும் காலுறையோடு கல்தரையில் நடந்தேன். அவ்வளவு அழகான இடத்தை அவ்வளவு வெறுப்போடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே கணுக்காலுக்கு மேல் பனி. யுத்தத்துக்குத் தப்பி வந்தவளை ஒரு சோடிச் சப்பாத்து திருப்பி அனுப்பப்போகிறதே என்று அழுகை வந்தது.

கோபுரத்தில் பன்னிரண்டு அடித்தது. கைப்பையிலிருந்த விசாரணைக் கடிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வாசித்தார். பீடத்தின் கதை பாதியில் நின்றது. மர வாங்கில் உட்கார்ந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து நானும் இழுத்தேன்.

"சீக்கிரம் போ" என்றார்.

அவரைக் காலுறையோடு அந்தக் கல்தரையில் விட்டுவிட்டு ஓடினேன். பிந்தவில்லை.

கனடாவில் உனக்கு உதவி செய்ய யாராவது இருக்கிறார்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். படிவத்தில் ஒருவருமில்லை என்று எழுதியிருந்தேன். மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்பார்களோ என்று பயம்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன். கேஸ் வென்றது. அந்தப் பதில் மட்டும் இன்னும் உறுத்துகிறது.