வெயிலில் வைத்த பேட்டரிக் கட்டைகள்

அப்துல் ஹமீது நாகப்பட்டினத்தில் கப்பலேறி 1911ஆம் ஆண்டு பினாங்கில் இறங்கியபோது அவருக்கு வயது பதினாறு. முதல் பதினைந்து ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குகளுக்கு ஈயம் பற்றவைத்தார். 1926இல் டார்ச் லைட்டும் பழுதுபார்க்கத் தொடங்கினார். சூலியா தெருவில் ஒரு துணிக்கடையை ஒட்டி, நான்கடி அகலமும் ஆறடி நீளமுமான இடம். அதுதான் அவர் கடை. வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். டார்ச்சோடு வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு யோசனை சொல்லியனுப்புவார்.

"கட்டை சாகலக்கா, மயங்கிக் கெடக்கு. ரெண்டு நாள் வெயில் காட்டுங்க, எந்திரிச்சு உக்காரும்."

அதில் பாதி உண்மை இருந்தது. வெயில் பட்ட கட்டை இரண்டு மூன்று இரவுக்கு மங்கலாக எரியும். அது போதும், ஹமீதின் கைராசி தெருவெங்கும் பேசப்பட்டது. சந்துச் சுவர்களின் மேல் வடகம் காயவைத்தாற்போல் பேட்டரிக் கட்டைகள் வரிசையாகக் காய்ந்தன. ஆனால், பலமுறை வெயில் கண்ட கட்டையின் தகடு அரித்து ஓட்டை விழும். உள்ளிருக்கும் கரிய சாறு கசிந்து வெளியே வெள்ளை உப்பாகப் பூக்கும். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கே அது ஒரு பொருட்டாகப் பட்டதில்லை.

1935 மார்ச் 7, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தில் இடியாப்பம் விற்கும் ஹபீபா பீவி ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு கடைமுன் வந்து நின்றார்.

"ஹமீது, வெளிய வா! உன் வைத்தியம் என்ன பண்ணிருக்குன்னு நீயே பாரு."

கிடாவின் தாடியில் கறுப்பு நுரை. உதடு வெந்து சிவந்திருந்தது.

"என்னக்கா தின்னுச்சு?"

"திங்கல, நக்குச்சு. நீ சொன்னேன்னு சுவத்துல காயவச்ச கட்டைய. உப்புன்னா ஆடு விடுமா? நாலையும் நக்கிட்டு ஒண்ணைக் கடிச்சும் வச்சிருக்கு."

பக்கத்துச் சவரக்கடை முனுசாமி கத்தியைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். "வயித்துக்குள்ள லைட்டு எரியுதான்னு பாருங்கண்ணே."

"நீ சும்மா இரு லா," என்றார் ஹமீது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒன்பதே நாள். இறந்துபோன கணவர் பேரில் குர்பானி கொடுக்க ஹபீபா பீவி இரண்டு வருடம் மூன்று மாதமாக வளர்க்கும் கிடா அது. நோயில் கிடக்கும் பிராணியைக் குர்பானி கொடுக்க முடியாது.

"வேற ஒரு கிடா பாத்துத் தரட்டாக்கா?"

"இதைத்தானே அவரு பேருக்குன்னு நிய்யத்து வச்சேன்? பாசார்ல புடிச்ச ஆடு அவருக்கு என்ன உறவு?"

கயிற்றை ஹமீதின் வேலைமேசைக் காலில் கட்டிவிட்டு அவர் திரும்பினார். "பெருநாள் காலையில வருவேன். பள்ளிவாசல் லெப்பை பாத்துச் சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா இந்தத் தெருவுல நீ விளக்குத் திரிகூடத் தொடமுடியாது."

ஹமீது கிடாவின் வாயை ஏழுமுறை நல்ல தண்ணீரால் கழுவினார். உதட்டில் தேங்காயெண்ணெய் தடவினார். வெள்ளியன்று அது எதையும் தொடவில்லை. சனிக்கிழமை மாலை அரைச் சிரட்டை கஞ்சி குடித்தது. அதைக் கண்ட பிறகுதான் மற்றச் சுவர்களின் நினைவு அவருக்கு வந்தது. அந்தச் சந்துகளில் ஆடு உண்டு, கோழி உண்டு, தவழும் பிள்ளைகளும் உண்டு.

மறுநாளிலிருந்து தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு ஒரு தகர வாளியோடு வீடு வீடாகப் போனார். நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் தாம் சொன்னது தப்பு என்று தாமே சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப என் கட்டை மயங்கலையா?" என்று கேட்டாள் மஹ்பூபா என்ற கிழவி.

"இல்ல சாச்சி, மவுத்தாயிருச்சு. குடுங்க, நான் அடக்கம் பண்ணிக்கிறேன்."

"அன்னிக்கு உசிரு இருக்குன்னு சத்தியம் பண்ணுனியே!"

"நாடி சரியாப் பாக்கல சாச்சி."

நான்கு நாளில் வாளியில் சேர்ந்தவை நூற்று நாற்பத்து மூன்று. கையில் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேல்தகடு துத்தநாகம், அதைக் கழுவித் துண்டு போட்டால், ஈயம் பற்றவைக்குமுன் தடவும் திராவகத்தைப் பக்குவப்படுத்த உதவும். புதுத் தகடு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இது நாள்வரை தோன்றவில்லை. நடுவிலிருந்த கரிக்குச்சிகளைத் தனியே கட்டி வைத்தார். கறுப்புப் பொடியையும் கழுவிய நீரையும் சாக்கடையில் கொட்டாமல் இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் அடைத்து, வாயை ஈயத்தால் மூடி, கிணறு இல்லாத பக்கமாகப் புதைக்கச் சொல்லி முனிசிபல் குப்பைவண்டிக்காரரிடம் ஒப்படைத்தார்.

செவ்வாயன்று கிடா புல் தின்றது. வியாழனன்று முனுசாமியின் நாட்காட்டியில் மே மாதம்வரை தின்றது.

"ஒடம்பு தேறிருச்சுண்ணே," என்றார் முனுசாமி. "ஆனா என் ஜூன் மாசத்தைக் கொஞ்சம் காப்பாத்திக் குடுங்க."

பெருநாள் காலை, சனிக்கிழமை, லெப்பை ஷேக் அலாவுதீன் வந்தார். கண்ணைப் பார்த்தார், காதைத் தூக்கினார், நான்கு காலையும் தட்டி நடக்கவிட்டார். பல்லைப் பார்க்கக் குனிந்தபோது அவருடைய சால்வையின் நுனி கிடாவின் வாய்க்குள் போய்விட்டது. இழுத்தார், அதுவும் இழுத்தது.

"இதையா நோயாளின்னீங்க? மொதல்ல சால்வையை விடச் சொல்லுங்க!"

ஹபீபா பீவி கயிற்றை அவிழ்த்தார். ஹமீதைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது நாள் ஹமீது பார்த்துப் பார்த்துத் தேற்றிய கிடா சந்துக்குள் துள்ளிக்கொண்டே போனது. அது முனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிற்பகலில் ஹபீபா பீவி ஒரே அளவில் இரண்டு தகர டப்பாக்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணு உன் பங்குக் கறி. இன்னொண்ணுல எங்க சந்துல மிச்சமிருந்த கட்டை. பாத்துத் தொற தம்பி, மாத்திக் கொழம்பு வச்சுறாதே."

ஹமீது இரண்டையும் குலுக்கிப் பார்த்து, கட்டை டப்பாவைத் திறந்து எண்ணினார்: பதினேழு, அதில் மூன்று கசிந்திருந்தன. கறி டப்பாவைத் திறக்காமலே முனுசாமியிடம் நீட்டினார்.

"என்னண்ணே, பெருநாளும் அதுவுமா?"

"நாட்காட்டி உன்னுதுதானே தின்னுச்சு," என்றார் ஹமீது. "கறியும் நீயே தின்னு."