மூன்று முறை கூப்பிட்டால்தான்

எங்கள் விளாங்குடித் தெருவில் மூன்று முறை கூப்பிட்டால்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். அரிசிக்குப் பஞ்சம், திருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆண்கள் வயலுக்குப் போனபின் பட்டப்பகலில் வருவார்கள். ஒரு பெண்ணை விட்டுத் தண்ணீர் கேட்கச் சொல்வார்களாம். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவளின் வாயைப் பொத்தி, பாம்படத்தைக் காதோடு அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உச்சிவெயிலில் முனி ஒரு தடவைதான் கூப்பிடும், அதற்கு ஏனென்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முனிக்கு வைத்ததையே திருடனுக்கும் வைப்போம் என்றேன். வெளியாளுக்கு இந்தக் கணக்கு தெரியாதே. பெண்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான்.

"மூணு தடவ கூப்பிட்டு உள்ள வாரதுக்குள்ள சோறு ஆறிப்போகும் போல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தால்கூட, "தங்கச்சி, தங்கச்சி, தங்கச்சி" என்று விரல் மடக்கிக் கூப்பிடுவாள். நான் உள்ளிருந்து சிரிப்பேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஆண்கள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு அவனியாபுரத்துக்கு மாடு பிடிப்பதைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் கதவைத் தாழிட்டுவிட்டுப் பொங்கப்பானை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"தங்கச்சி..."

எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கைவைத்தேன். இரண்டாவது குரலுக்காக நின்றேன். வரவில்லை. அக்காவாக இருந்தால் மூன்று தடவை கூப்பிடாமல் இருக்கவே மாட்டாள். என்னிடமா உங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டு பானையிடமே திரும்பிவிட்டேன்.

ஒரு உலை கொதிக்கும் நேரம் போயிருக்கும். முனகல் கேட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அக்கா என் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதும் கிழிந்து தொங்கின. ரவிக்கை போடாத தோளெல்லாம் ரத்தம்.

தன் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேரைப் பார்த்ததும் என் வாசலுக்குத்தான் ஓடி வந்திருக்கிறாள். ஒரு தடவை கூப்பிட்டதுமே வாயைப் பொத்திவிட்டார்கள்.

மஞ்சளும் துணியுமாகக் காதைக் கட்டும்போது கேட்டாள்: "நான் கூப்பிட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலக்கா" என்றேன்.

அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். "நல்லதாப் போச்சு. தெறந்திருந்தா ஒன் காதும் போயிருக்கும். எனக்குத்தான் சத்தம் பத்தல."

அந்தக் குரல் அவளுடையது என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலை எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தும்தான் கணக்குப் பார்த்தேன். இதை அவளிடம் சொல்லப் பலநாள் வாயெடுத்தேன். ஒருநாளும் சொல்லவில்லை.

அதன்பிறகு பதினைந்து வருஷம் உயிரோடு இருந்தாள். என் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தாலும், நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், வாசலில் நின்று அடித்தொண்டையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். சத்தம் பத்தாமல் போய்விடக் கூடாதாம்.